அனுமதிச் சீட்டில் யாருடைய கையெழுத்து?

வாசகி கேள்வி: கட்டடப் பொறியியல் படித்த எனக்கு 26 வயது. ஒப்பந்ததாரர் நிறுவனமொன்றில், பல்மாடி மருத்துவமனைக் கட்டுமானத்தில், உதவித் திட்ட மேலாளராகப் பணியாற்றுகிறேன். நான்காம் தளத்துக்குக் கான்கிரீட் போடவிருந்த காலையில், குழாய்களுக்கான ஸ்லீவுகளை, அதாவது குழாய்கள் தளத்தைக் கடந்துசெல்ல முன்கூட்டியே வழிவிடும் உறைகளை, சரிபார்க்கும் வேலை முடியவில்லை என்பதால் கான்கிரீட்டை நிறுத்திவைக்கச் சொன்னேன். லாரிகள் வாசலுக்கு வந்திருந்தன. ஃபோர்மேன் எனக்குப் பதில் சொல்லாமல் திட்ட மேலாளருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் போடச் சொல்லிவிட்டார். பிறகு இரண்டு இடங்களில் ஸ்லீவ் இல்லை என்பது தெரிந்து, தளத்தைத் துளையிட வேண்டியதாயிற்று. வாராந்தரக் கூட்டத்தில் அந்தத் தாமதத்துக்கு விளக்கம் கேட்கப்பட்டதோ என்னிடம். கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் எப்போதும் என்னிடமே வருகிறது. நான் சொல்வதைக் கேட்காத மேஸ்திரிகள், என்னைவிட இளையவரான ஆண் பொறியாளர் சொன்னால் கேட்கிறார்கள். பெண்களுக்கான கழிப்பறையின் சாவி பண்டகக் காப்பாளரிடம் இருக்கிறது. உயரத்தில் வேலை செய்யும்போது விழாமல் காக்க எனக்குத் தரப்பட்ட பாதுகாப்புப் பட்டை என் உடலுக்குப் பொருந்தவில்லை. இப்போது தலைமை அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவுக்கு மாறும்படி கேட்கிறார்கள். 'பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு' என்கிறார் மேலாளர். நான் போகலாமா? போவதற்கு முன் திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் பெற்றுவிட வேண்டுமா?

ஆலோசனை:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், நான்காம் தளத்தில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அன்று நீங்கள் எடுத்த முடிவு தொழில்முறையில் முற்றிலும் சரியானது. மருத்துவமனைத் தளமொன்றின் வழியே கழிவுநீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், மருத்துவ வாயுக் குழாய், மின்கேபிள்கள் எனப் பல பிரிவுகளின் இணைப்புகள் மேலும் கீழும் செல்கின்றன. ஒவ்வொன்றுக்குமான ஸ்லீவைக் கம்பி கட்டி முடிக்கும் நிலையில், கான்கிரீட் விழுவதற்கு முன்பு, பலகையின் மேல் பொருத்திவிட வேண்டும். ஒன்று விடுபட்டுப்போனால் பின்னர் கோர் கட்டிங் செய்வதை, அதாவது இறுகிய கான்கிரீட்டை வட்டமாகத் துளைத்தெடுப்பதைத், தவிர வழியில்லை. அதற்கோ கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் தேடவும், கட்டமைப்பு வடிவமைப்பாளரிடம் அனுமதி வாங்கவும், வெட்டுப்பட்ட கம்பிக்கு ஈடாக என்ன செய்வது என்று வரைந்து காட்டவும் நாட்கள் போகும். அந்தத் தளம் இழுவிசைக் கம்பிவடங்களால் முன்னழுத்தம் தரப்பட்டதாக இருந்திருந்தால், இழுத்து நிறுத்தப்பட்ட வடம் ஒன்று துளையிடும்போது அறுபடுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே தாமதத்தை உண்டாக்கியவர் நீங்கள் இல்லை. அதைத் தடுக்க முயன்ற ஒரே ஆள் நீங்கள்.

இதைச் சொன்ன பிறகு, நீங்கள் விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முடிவு சரியாக இருந்தது, ஆனால் அதைச் சொன்ன நேரம் அந்த முடிவைக் காப்பாற்றக்கூடிய நேரமாக இல்லை. கான்கிரீட் லாரிகள் வாசலில் நிற்கும்போது, பம்ப் குழாய் விரிக்கப்பட்டு ஆட்கள் வைப்ரேட்டருடன் காத்திருக்கும்போது, கலவை இறுகத் தொடங்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, 'வேண்டாம்' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் தோற்றுத்தான் போவார். தலை நரைத்த, உரத்த குரலுடைய, பல கட்டடங்களை முடித்துக் கொடுத்த ஆண் பொறியாளர்கள் அந்த நேரத்தில் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் திட்ட மேலாளரின் காதில் விழுவது திருப்பி அனுப்பப்படும் லாரிகளின் செலவு. ஸ்லீவு கண்ணுக்குத் தெரியாது, லாரி தெரியும். எனவே இந்தத் தோல்வி முழுவதையும் பெண் என்பதன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதில் ஒரு பங்கு நடைமுறைக் குறைபாடு, அதைச் சரிசெய்ய முடியும். சரிசெய்த பிறகும் மிஞ்சி நிற்பது எதுவோ அதுதான் பாரபட்சம். அது தனியாகத் தெரியும்போதுதான் அதற்குப் பெயரிட்டுப் பேசவும் முடியும்.

'வேண்டாம்' என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய நேரம் முந்தைய நாள் பிற்பகல், கான்கிரீட் ஆலைக்கு ஆர்டர் உறுதி செய்யப்படுவதற்கு முன்பு. ஒழுங்காக நடக்கும் பணித்தளங்களில் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு இருக்கும். சென்ட்ரிங், கம்பி, மட்டம், குழாய் மற்றும் மின் வேலைகள், பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உங்கள் தளத்திலும் அப்படியொரு சீட்டு இருக்கிறது என்றே ஊகிக்கிறேன், ஏனெனில் உரிமையாளர் சார்பில் மேற்பார்வையிடும் ஆலோசகர் தரப்புப் பொறியாளர் அதைக் கேட்காமல் இருக்கமாட்டார். ஆனால் பல இடங்களில் அந்தச் சீட்டு கான்கிரீட் போட்ட மறுநாள் உட்கார்ந்து நிரப்பப்படுகிறது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: ஆலைக்கு ஆர்டரை உறுதிசெய்பவர், எல்லாக் கையெழுத்தும் முடிந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்த ஓர் ஒழுங்கு வந்துவிட்டால் நீங்கள் யாரிடமும் குரல் உயர்த்த வேண்டியதில்லை. கையெழுத்து இல்லாமல் லாரி கிளம்பாது, லாரி வராமல் ஃபோர்மேனுக்கு அவசரமும் வராது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் திட்ட அட்டவணையைத் திறந்து, ஒரு தளத்தின் சுழற்சியில் ஸ்லீவ் சரிபார்ப்பு தனி வேலையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சென்ட்ரிங் இத்தனை நாள், கம்பி இத்தனை நாள், கான்கிரீட் ஒரு நாள் என்று மட்டும் இருக்கும் என்றே நினைக்கிறேன். 1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய நெருக்கடிப் பாதை முறையைத்தான், அதாவது திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடரைக் கண்டறியும் கணக்கைத்தான், இன்று பெரும்பாலான திட்டமிடல் மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. அந்தக் கணக்கு தன்னிடம் கொடுக்கப்பட்ட வேலைகளை மட்டுமே அறியும். பட்டியலில் இல்லாத வேலைக்கு அது பூச்சிய நேரமே ஒதுக்கும். உங்கள் சரிபார்ப்புக்கு அரை நாள் தேவைப்படுகிறது என்றால், அந்த அரை நாள் அட்டவணையில் எழுதப்படாத வரை, நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அது 'தாமதம்' என்றே தோன்றும். எழுதப்பட்டுவிட்டால் அதே அரை நாள் திட்டத்தின் பகுதியாகிவிடும், அதை வெட்டுபவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆவார். அடுத்த தளத்துக்கு முன்பாக அட்டவணை தயாரிப்பவரிடம் பேசி இதைச் சேர்க்கச் செய்யுங்கள். அவர் சுழற்சி நீள்கிறது என்று மறுத்தால், கம்பி கட்டுவதன் கடைசி நாளோடு இணையாக ஓடும்படி, பகுதி பகுதியாகச் சரிபார்க்கலாம் என்று சொல்லுங்கள். நடைமுறையில் அது முடியக்கூடியதே.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. ஃபோர்மேன் உங்களைத் தாண்டிப் போனது வருத்தத்துக்குரியதுதான், ஆனால் அவரைவிடப் பெரிய தவறு அழைப்பை ஏற்று உத்தரவு கொடுத்தவருடையது. 'அவரிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்' என்று உங்கள் மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முடிவு எதுவாக இருந்தாலும் அது உங்கள் வழியாகப் போயிருக்கும். எனவே நீங்கள் முதலில் பேச வேண்டியது மேலாளரிடம், அதுவும் தனியாக, கான்கிரீட் இல்லாத ஒரு நாளில். அவமதிப்பைப் பற்றிய முறையீடாக அதைத் தொடங்காதீர்கள். உங்கள் மனம் புண்பட்டதில் நியாயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் பேச்சு உடனே ஃபோர்மேனின் குணத்தைப் பற்றியதாகத் திரும்பி, 'அவர் அப்படித்தான், பொருட்படுத்தாதீர்கள்' என்பதோடு முடிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். மாறாக இப்படிக் கேளுங்கள்: 'சார், கான்கிரீட்டை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எந்தெந்தச் சூழலில் என்பதை எழுத்தில் கொடுத்து, ஃபோர்மேன்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் தெரிவியுங்கள். இல்லையென்றால் அந்தப் பொறுப்பையும் என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள். அதிகாரம் உங்களிடமும் விளக்கம் என்னிடமும் இருப்பது சரியாக வராது.'

அவர் தயங்கினால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுங்கள். உங்கள் திட்டம் ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) வெளியிடும் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளின்படி நடக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. பல நாடுகளில் அந்த நிபந்தனைகளோ அவற்றைத் தழுவியவையோ பயன்படுகின்றன. 1999 பதிப்பின் சிவப்புப் புத்தகத்தில் 7.3ஆம் உட்பிரிவு, எந்த வேலையும் மூடப்படுவதற்கு முன் பார்வையிடத் தயாராக இருப்பதாக ஒப்பந்ததாரர் ஆலோசகர் தரப்புப் பொறியாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்காமல் மூடிவிட்டு, பொறியாளர் கேட்டால், தன் சொந்தச் செலவில் திறந்து காட்டி மீண்டும் சீராக்க வேண்டும். அதாவது சரிபார்க்காமல் கான்கிரீட் போடுவதன் ஆபத்து முழுவதும் உங்கள் நிறுவனத்தின் தலையில்தான் இருக்கிறது. இரண்டு துளைகளுக்கு ஆன செலவைக் கணக்கிட்டு, அரை நாள் நிறுத்தியிருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கு அருகில் வைத்து ஒரே தாளில் மேலாளரிடம் கொடுங்கள். பண மொழியில் பேசும் தாளை எந்த மேலாளரும் படிக்காமல் ஒதுக்கமாட்டார்.

கட்டுமானத்தில் பெண்கள் என்றவுடன் எமிலி ராப்ளிங்கின் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளரான அவருடைய கணவர் 1872இல், அழுத்தக் காற்று அறைகளில் வேலை செய்பவர்களுக்கு வரும் அழுத்தநீக்க நோயால் படுத்துவிட, 1883இல் பாலம் திறக்கப்படும் வரை அவருக்கும் பணித்தளத்துக்கும் இடையே நின்று வேலையை நடத்தியவர் எமிலி. கேபிள் கட்டுமானத்தையும் பொருள்களின் வலிமையையும் அதற்கான கணிதத்தையும் அவர் கற்றுக்கொண்டார் என்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஆயினும் இந்தக் கதையை இளம் பெண் பொறியாளர்களுக்கு ஊக்கமருந்தாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. எமிலி கையாண்ட அதிகாரம் கணவருடையது. அவருக்கென்று ஒரு பதவி இருக்கவில்லை. உங்களுக்கோ நியமனக் கடிதம் இருக்கிறது, பதவி இருக்கிறது, ஆனால் தளத்தில் நீங்கள் இன்னும் மேலாளரின் பெயரைச் சொல்லியே வேலை வாங்க வேண்டியிருக்கிறது. 'மேலாளர் சொன்னார்' என்று சொல்லி வாங்கும் ஒவ்வொரு வேலையும் அடுத்த முறை நேராக மேலாளரிடம் போகலாம் என்று ஃபோர்மேனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தச் சொற்றொடரை இந்த வாரமே விட்டுவிடுங்கள்.

எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகும் மேலாளர் உங்கள் முடிவை மாற்றும் நாள் வரும். அது அவருடைய உரிமை. அப்போது நீங்கள் செய்ய வேண்டியது வாதம் செய்வதோ ஒதுங்கிக்கொள்வதோ இல்லை, அன்றைக்கே ஓர் எழுத்து உறுதிப்பாடு. 'இன்று காலை தொலைபேசியில் நீங்கள் கூறியபடி, ஸ்லீவ் சரிபார்ப்பு முடியும் முன் நான்காம் தளத்தின் கான்கிரீட் தொடங்கப்பட்டது. கிழக்குப் பகுதியில் சரிபார்ப்பு நடைபெறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்' என்று, குற்றச்சாட்டின் சாயலே இல்லாமல், இரண்டே வரிகள். இது நயவஞ்சகம் என்று சில சகாக்கள் சொல்வார்கள். கவலைப்படாதீர்கள், இந்தத் தொழிலின் மிகப் பழைய ஒழுக்கம் அது. முன்பு சொன்ன ஃபிடிக் நிபந்தனைகளிலேயே 3.3ஆம் உட்பிரிவில், ஆலோசகர் தரப்புப் பொறியாளர் வாய்மொழியாக ஓர் உத்தரவு கொடுத்தால், ஒப்பந்ததாரர் 2 வேலை நாட்களுக்குள் அதை எழுதி உறுதிசெய்ய, பொறியாளர் அதைப் பெற்ற 2 வேலை நாட்களுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால், அந்த உறுதிப்பாடே எழுத்து உத்தரவாகிவிடும். நிறுவனங்களுக்கு இடையே இவ்வளவு மதிப்புள்ள ஒரு பழக்கத்தை நிறுவனத்துக்குள் பின்பற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியொரு செய்தி உங்கள் கையில் இருந்திருந்தால், வாராந்தரக் கூட்டத்தில் விளக்கம் கேட்கப்பட்டபோது நீங்கள் தேதியையும் நேரத்தையும் வாசித்துவிட்டு அமர்ந்திருக்கலாம்.

கூட்டக் குறிப்பு எழுதுவதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் கசப்பு எனக்குப் புரிகிறது. அறையில் ஒரே பெண் இருந்தால் பேனா அவர் பக்கம் நகரும். இது உலகெங்கும் நடக்கிறது. ஆனால் அதை ஒரேயடியாக உதறிவிடுவதற்கு முன், அந்தக் குறிப்பேடு கட்டுமான ஒப்பந்தத்தில் என்னவாக இருக்கிறது என்று யோசியுங்கள். வரைபடம் எந்தத் தேதியில் வந்தது, துணை ஒப்பந்ததாரர் எத்தனை ஆட்களைத் தருவதாக ஒப்புக்கொண்டார், ஆலோசகர் எந்தக் கேள்விக்குப் பதில் தராமல் வைத்திருக்கிறார் என்பவற்றுக்கெல்லாம் பிற்காலத்தில் சாட்சி அதுதான். 1999 ஃபிடிக்கின் 20.1ஆம் உட்பிரிவின்படி, கூடுதல் காலமோ பணமோ கேட்க வேண்டிய நிகழ்வு ஒன்றை ஒப்பந்ததாரர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும்; அந்த 28 நாள் எப்போது தொடங்கியது என்று வாதம் வரும்போது எல்லோரும் தேடுவது கூட்டக் குறிப்பைத்தான். அதை எழுதுபவர் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதும் பழக்கம் உடையவராக இருந்தால், மற்றவர்கள் அவரிடம் கொஞ்சம் கவனமாகவே பேசுவார்கள்.

அதே சமயம், எழுதிக்கொண்டே இருப்பவரால் பேச முடியாது என்பதும் உண்மை, அதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான நஷ்டம். ஆகவே குறிப்பைக் கைவிடுவதற்குப் பதிலாகப் பேரம் பேசுங்கள். ஆலோசகரும் உரிமையாளர் தரப்பும் வரும் ஒப்பந்தக் கூட்டத்தின் குறிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். துணை ஒப்பந்ததாரர்களோடு நடக்கும் வாராந்தர ஒருங்கிணைப்புக் கூட்டத்தை நீங்கள் தலைமையேற்று நடத்த, குறிப்பை இளம் பொறியாளர்கள் முறைவைத்து எழுதட்டும். நீங்கள் குறிப்பிட்ட அந்த இளையவரும் எழுதட்டும். அவருக்கும் அது பயிற்சிதான்.

அந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தை நடத்தும் முறையிலேயே மேஸ்திரிகளோடான உங்கள் உறவு மாறக்கூடும். உங்கள் வயதைப்போல இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவரிடம் போய், உங்களுக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, இத்தனை நாளில் முடியுங்கள் என்று உத்தரவிட்டால் அவர் தலையாட்டிவிட்டுத் தன் போக்கில்தான் செய்வார். ஆணாக இருந்தாலும் அதே கதிதான். கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் வளர்த்தெடுத்த 'லாஸ்ட் பிளானர்' முறை இந்த இடத்தைத்தான் திருத்துகிறது. வேலையை நேரில் நடத்துபவரே அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அவருக்குத் தடையாக நிற்பவற்றை, அதாவது வராத வரைபடத்தை, வராத பொருளை, கிடைக்காத அனுமதியை, விலக்கித் தருவது திட்ட மேலாண்மையின் கடமையாகிறது. வார இறுதியில் கொடுத்த வாக்குகளில் எத்தனை விழுக்காடு நிறைவேறியது என்று பார்க்கிறார்கள். நிறைவேறாததற்கு ஆளைத் திட்டாமல் காரணத்தைத் தேடுகிறார்கள். 'அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள் கம்பி முடிய வேண்டுமென்றால் என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு, அவர் கேட்ட திருத்திய வரைபடத்தைச் செவ்வாய்க்கிழமையே கையில் கொடுத்துப் பாருங்கள். தனக்குத் தடை நீக்கித் தருபவரைத் தாண்டி வேறொருவரைத் தேடிப் போக மேஸ்திரிக்கு நேரம் இருக்காது.

அந்த இளம் ஆண் பொறியாளரின் சொல் எடுபடுவதற்கான காரணத்தையும் ஒருமுறை நேர்மையாகச் சோதியுங்கள். அவர் காலை முதல் தளத்தின் மேல் அவர்களோடு நின்று, கம்பி அட்டவணையை விரித்து இடைவெளியை அளந்து கொடுப்பவராக இருந்தால், அவருக்குக் கிடைப்பது அந்த உழைப்பின் பலன். நீங்களும் அதை ஈட்டிக்கொள்ளலாம். அதற்காக நாள் முழுவதும் மேலே நிற்க வேண்டியதில்லை, காலையில் வேலை பிரிக்கப்படும் நேரத்திலும் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் பிற்பகலிலும் இருந்தால் போதும். அப்படி இல்லாமல், நீங்கள் சொன்ன அதே சொல்லை அவர் திருப்பிச் சொன்னால் மட்டும் வேலை நடக்கிறது என்றால், அது பாரபட்சம்தான். அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். இந்த இடத்தில் உங்களுக்கு உதவக்கூடியவர் அவரேதான். மேஸ்திரி அவரிடம் வந்து கேட்கும்போது 'இது அவங்க பொறுப்பு, அவங்ககிட்ட கேளுங்க' என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நல்ல சகா உடனே செய்வார். செய்ய மறுத்தால், மேலாளரிடம் நடந்தவற்றை நாள் குறித்து எடுத்துச் சொல்ல உங்களுக்குப் போதிய காரணம் கிடைத்துவிட்டது.

கழிப்பறைச் சாவியையும் பாதுகாப்புப் பட்டையையும் நீங்கள் கடிதத்தின் கடைசியில், தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இவை சலுகைகள் இல்லை, ஆகவே தயக்கத்துக்கு இடமில்லை. கட்டுமானப் பணியில் பாதுகாப்பும் உடல்நலமும் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988இல் நிறைவேற்றிய 167ஆம் உடன்படிக்கை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, கழுவுமிட வசதிகள் வேண்டும் என்று சொல்கிறது. ஓர் ஆணிடம் ஒவ்வொரு முறையும் போய்ச் சாவி கேட்க வேண்டியிருந்தால் அந்த வசதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதனால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் பெண்கள் இந்தத் தொழிலில் அதிகம், உங்கள் தளத்தில் வேலை செய்யும் பெண் தொழிலாளர்களையும் நினைத்துப் பாருங்கள். பொருந்தாத பட்டை இன்னும் மோசமானது. தளர்ந்த பட்டையோடு விழுபவரின் உடல் அதற்குள்ளிருந்து நழுவக்கூடும், அல்லது விழுகையின் விசை தாங்க வேண்டிய இடத்தில் தாங்காமல் வேறிடத்தில் காயப்படுத்தும். அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலுக்கான விதியில், பாதுகாப்புக் கருவி அணிபவரின் உடலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற சொற்களைத் தனியாகச் சேர்த்து 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், சிக்கல் உங்களுடையது மட்டும் இல்லை என்பது தெரிகிறது. இரண்டையும் பாதுகாப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் எழுத்தில் சேருங்கள். பட்டை மாற்றிக் கொடுக்கப்படும் வரை உயரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய ஆய்வைச் செய்யாதீர்கள், அதற்கான காரணத்தையும் பதிவு செய்யுங்கள்.

கேலிப் பேச்சுகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நடக்காமல் இருந்தால் மகிழ்ச்சி. நடந்து, எழுதத் தயங்கியிருந்தால், உங்கள் நிறுவனத்தின் புகார் அமைப்பு எது, அதில் இருப்பவர்கள் யார் என்பதையாவது இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில், பணியிட வன்முறையும் துன்புறுத்தலும் குறித்து 2019இல் ஏற்கப்பட்ட 190ஆம் உடன்படிக்கை பணித்தளத்தோடு நிற்காமல், வேலை தொடர்பான பயணம், குறுஞ்செய்தி, நிறுவனம் தரும் தங்குமிடம் ஆகியவற்றில் நடப்பதையும் துன்புறுத்தலாகக் கருதுகிறது. மேலாளரின் குழுச் செய்தியில் வந்த ஒன்றாக இருந்தாலும் அது பணியிடத்தில் நடந்ததுதான்.

பி.எம்.பி. சான்றிதழுக்கு அவசரம் இல்லை. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்க, திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேர வகுப்பும் வேண்டும். உதவியாளராகக் கழித்த மாதங்களில் எவை வழிநடத்திய மாதங்கள் என்று உங்களாலேயே இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றால், முதலில் அந்த மாதங்களைச் சேர்ப்பதே வேலை. அதற்குள் உங்கள் திட்டத்தின் ஒப்பந்த நிபந்தனைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். தளத்தில் அதை முழுமையாகப் படித்தவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மூன்றாமவர் நீங்களாக இருந்தால் அதன் பயன் எந்தச் சான்றிதழையும்விட விரைவில் தெரியும்.

கடைசியாக அந்த மாற்றம். திட்டமிடல் பிரிவு இரண்டாந்தர வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாமதத்தைப் பகுத்தாய்ந்து, எந்த நாள் யாருடைய கணக்கில் விழுகிறது என்று நிறுவத் தெரிந்த திட்டமிடுநர்கள் இந்தத் தொழிலில் அரிதானவர்கள், நன்கு மதிக்கப்படுபவர்கள். எனக்கு இதில் உறுத்துவது வாய்ப்போடு ஒட்டிக்கொண்டு வந்த காரணம்தான். பணித்தளம் உங்களுக்குப் பாதுகாப்பற்றது என்றால் அங்கே இருக்கும் எல்லோருக்கும் பாதுகாப்பற்றது. தளத்தைச் சரிசெய்வதை விட்டுவிட்டு உங்களை அகற்றுவது அதற்குத் தீர்வாகாது. மேலும் நீங்கள் இதுவரை பார்த்திருப்பது கட்டமைப்பு வேலை மட்டும். ஒரு மருத்துவமனையில் உண்மையான திட்ட மேலாண்மை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: பொய்க்கூரைக்கு (ஃபால்ஸ் சீலிங்) மேல் ஒரே இடத்துக்காகக் காற்றுக் குழாயும் கேபிள் தட்டும் தண்ணீர்க் குழாயும் மோதிக்கொள்வது, அறுவைச் சிகிச்சை அறைகளின் காற்றோட்டத்தைச் சோதிப்பது, மருத்துவ வாயு இணைப்புகளை ஒவ்வொன்றாக உறுதிசெய்வது, ஆயிரக்கணக்கான குறைகளைப் பட்டியலிட்டு மூடிக் கட்டடத்தை ஒப்படைப்பது. திட்டங்கள் அதிகமாகப் பின்தங்குவது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் அட்டவணை தயாரித்தவர்களில் பலர் இதை நேரில் பார்த்ததில்லை. ஸ்லீவ் சரிபார்ப்புக்கு அரை நாள் வேண்டும் என்று உங்களுக்கு இன்று தெரிவதுபோல, இந்த வேலைகளுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று தெரிந்துகொண்டு திட்டமிடலுக்குப் போனால், அங்கே உங்கள் அட்டவணையை யாரும் எளிதில் மறுக்க முடியாது.

எனவே வாய்ப்பை மறுக்காமல், காலத்தை மாற்றிக் கேளுங்கள். இந்தக் கட்டடம் ஒப்படைக்கப்படும் வரை தளத்தில் இருந்துவிட்டு, அதன் பிறகு திட்டமிடல் பிரிவுக்கு வருவதாக எழுதிக் கொடுங்கள். இப்போதே வந்தாக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், வாரத்தில் இரண்டு நாள் இதே தளத்தில் வேலை, இதன் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இடம், ஒப்படைப்புக் கட்டத்தின் அட்டவணை உங்கள் பொறுப்பு என்ற மூன்றையும் மாற்றக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்டு கடிதத்தில் சேர்க்க மறுத்தால், போக வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்